தமிழில் பெண் எழுத்தும் பெண் படும் பாடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெண்கள் எழுதியதையெல்லாம் ‘பெண் எழுத்து’ என்று ஒரே பெயரில் அடக்குவது சரியா?

வசதிக்காக அடக்கலாம், அதற்குமேல் அந்தப் பெயரை நம்பிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மும்பையில் வாழ்ந்தபடி எழுதிவரும் அம்பை, விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் தலித் கிறித்தவத் தெருவிலிருந்து வந்த பாமா, துவரங்குறிச்சியில் வீட்டுக்குள் அடைபட்ட காலத்திலேயே கவிதை எழுதத் தொடங்கிய சல்மா, போர்க்கால யாழ்ப்பாணத்தில் இருபத்து மூன்று வயதுக்குள் வாழ்வை முடித்துக்கொண்ட சிவரமணி ஆகியோர் பட்ட பாடுகள் ஒன்றோடொன்று ஒட்டாதவை. சாதி, மதம், வர்க்கம், போர் ஆகியவை இவர்களை வெவ்வேறு இடங்களில் நிறுத்தியிருக்கின்றன.

ஆனாலும் இவர்களை அடுத்தடுத்து வாசிக்கும்போது ஒரு பொதுத்தன்மை தென்படுகிறது. துன்பத்தை ஒரு பெண்ணின் தலைவிதியாகவோ தனிப்பட்ட சோகமாகவோ சொல்லி முடித்துவிடாமல், அந்தத் துன்பம் எந்த ஏற்பாட்டினால் நாள்தோறும் நடந்தேறுகிறது என்று இவர்கள் பார்க்கிறார்கள். வீட்டில் யார் கடைசியாகச் சாப்பிடுகிறார், ஒரே வேலைக்கு யாருக்குக் கூலி குறைவு, யாருடைய படிப்பு எந்த வயதில் நின்றது, எந்தச் சன்னல் மூடியிருக்கிறது என்பன போன்ற சிறிய விவரங்களிலிருந்தே இவர்களுடைய கதைகள் புறப்படுகின்றன. ஒப்பாரிக்கும் இந்த எழுத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. கீழ்வரும் விடைகள் பெரும்பாலும் இந்தக் கருத்தையொட்டியே எழுதப்பட்டுள்ளன.

தமிழில் இது எப்போது தொடங்கியது?

சங்கப் புலவர்களில் பெண்கள் உண்டு. ஆண்டாளும் காரைக்கால் அம்மையாரும் உண்டு. ஆனால் சமூக ஏற்பாடுகளை நேரடியாகக் கேள்வி கேட்கும் உரைநடை இருபதாம் நூற்றாண்டில்தான் வலுப்பெற்றது. ஈழத்தில் மங்களநாயகம் தம்பையா 1914இல் ‘நொறுங்குண்ட இருதயம்’ நாவலை வெளியிட்டார். தமிழகத்தில் வை.மு. கோதைநாயகி அம்மாள் 1925 முதல் ‘ஜகன்மோகினி’ இதழை நடத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். ஐந்தரை வயதில் மணம் முடிக்கப்பட்ட அவர் முறையாகப் பள்ளிக்குச் சென்றவர் இல்லை. முதல் நாடகத்தை அவர் வாய்மொழியாகச் சொல்ல, தோழி ஒருவர்தாம் எழுதினார். அவருடைய நாவல்களில் இன்று ஆர்வத்தோடு படிக்கத்தக்கவை மிகச் சில என்று சொன்னால் அது குறையாகாது. பெண்ணொருத்தி இதழாசிரியராகவும் பதிப்பாளராகவும் மேடைப் பேச்சாளராகவும் இருக்க முடியும் என்பதை அவர் வாழ்ந்து காட்டியதே பெரிய செய்தி.

இலக்கிய வரலாறுகளில் அதிகம் பேசப்படாத ஒரு நூலையும் இங்கே சேர்க்க வேண்டும். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் வெளியிட்ட ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ அது. இசை வேளாளர் சமூகத்தில் பொட்டுக்கட்டும் வழக்கத்தின், அதாவது பெண்களைக் கோயிலுக்குத் தேவதாசிகளாக நேர்ந்துவிடும் வழக்கத்தின் கொடுமையை உள்ளிருந்தே கண்டவர் அவர். தேவதாசி முறை ஒழிப்புக்காக ஊர் ஊராகச் சென்று பிரசாரம் செய்தவர். நாவல் கலைநயத்தில் முன்னே நிற்பதன்று. பிரசாரம் துருத்திக்கொண்டே இருக்கும். ஆனால் பெண்ணை விற்பதும் வாங்குவதும் எத்தனை பேருக்குப் பிழைப்பாக இருந்தது, எந்தெந்தச் சடங்குகள் அதற்கு மரியாதை தேடித் தந்தன என்பதை அவர் பெயர் பெயராகக் கணக்குக் காட்டுகிறார். சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947இல்தான் வந்தது. இன்று அம்மையாரின் பெயரைத் தாங்கிய அரசு உதவித் திட்டத்தைத் தெரிந்தவர்கள் இலட்சக்கணக்கில் இருக்கிறார்கள்; அந்த நாவலைப் புரட்டியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் போலிருக்கிறது.

பெண் எழுத்தாளர்கள் வீட்டைத் தாண்டுவதில்லை என்ற குற்றச்சாட்டில் உண்மை உண்டா?

‘குடும்பக் கதை’ என்ற பெயரால் நெடுங்காலம் ஒதுக்கப்பட்டவற்றைத் திரும்பப் படித்தால், வீட்டையே ஓர் அரசியல் களமாகக் கண்டவர்கள் இவர்கள் என்பது விளங்கும். வீட்டுக்குள் நடப்பது சிறிய விஷயம் என்ற முடிவை யார், எப்போது எடுத்தார்கள் என்று முதலில் கேட்க வேண்டும்.

அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ இதற்கு நல்ல சான்று. இந்தக் கதை 1988இல் வெளிவந்த அதே பெயருடைய தொகுப்பில் இருக்கிறது. அஜ்மீரில் உள்ள பெரிய கூட்டுக் குடும்பம் ஒன்றில் எல்லாரும் உணவை இரசிப்பவர்கள். வகைவகையாகச் சமையல் நடக்கிறது. ஆனால் அந்தச் சமையலறையோ வீட்டின் கோடியில், இருட்டாக, பாத்திரம் கழுவக்கூட ஒழுங்கான தொட்டி இல்லாமல் கிடக்கிறது. தெற்கிலிருந்து வந்த மருமகள் மீனாட்சி, தாழ்வாரத்தைச் சற்று விரிவாக்கலாம், வெளியே தெரியும் மலையை மறைக்கும் துணிக்கொடிகளை அகற்றலாம் என்று மாமனாரிடம் யோசனை சொல்கிறாள். பேச்சு சுமுகமாகவே முடிகிறது. விளைவு என்னவென்றால், கொடிகள் குறைவதற்கு மாறாகக் கூடுகின்றன. மலை முன்னிலும் மறைகிறது. எவரும் அவளைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. மாமியார் ஜீஜியோ அந்தச் சமையலறையையும் தம் நகைகளையுமே அதிகாரமாக நம்பி ஆயுளைக் கழித்தவர். அந்த அதிகாரம் எத்தனை சதுர அடிக்குள் அடங்கியது என்பதைக் கதை அளந்து காட்டுகிறது. கோபக் குரல் எழாத வீட்டில் ஒடுக்குமுறை எப்படி நடக்கும் என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன தமிழ்க் கதைகள் குறைவு.

ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ (1964) இன்னொரு வகை. கன்னியாகுமரி மாவட்டத்துப் பனைவிளை என்ற ஊரில், பழைய பெருமை மட்டுமே மிஞ்சிய நாடார் கிறித்தவக் குடும்பத்துப் பெண் லிஸி. பருவமடைந்ததும் அவளுடைய படிப்பு நிற்கிறது. வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டியதாகிறது. பனையேறியின் மகன் தங்கராஜ் மீது அவள் கொண்ட அன்புக்கு மதம் தடையில்லை, சாதியும் தடையில்லை. ஒரே சாதிக்குள் மரம் உடையவனுக்கும் மரம் ஏறுபவனுக்கும் இடையிலுள்ள தூரமே தடை. ஆசிரியர் எந்த இடத்திலும் குரலை உயர்த்துவதில்லை. லிஸி காத்திருக்கிறாள், அந்தக் காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. வட்டார மொழியின் எளிமையால் நாவல் சிறியதாகத் தோன்றினாலும், ஒரு பெண்ணின் இளமை வீட்டுச் சுவருக்குள் கரைவதை வாசகர் நாள் நாளாக உணர்கிறார்.

சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ (2004) இந்த வரிசையில் அடுத்து வருவது. தமிழ் முஸ்லிம் ஊர் ஒன்றின் பெண்களுடைய உலகம் பெரும்பாலும் ராபியா என்ற சிறுமியின் கண் வழியே விரிகிறது. கல்யாணம், பிள்ளைப்பேறு, விதவைக் கோலம், பெண்களுக்குள் நடக்கும் கூச்சமற்ற பேச்சு எனப் பக்கங்கள் நீளும்போது, ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையில் பெண்கள் நடமாடும் சிறிய சந்துகளே அவர்களுடைய முழு நிலப்பரப்பு என்பது புரிகிறது. கணவன் பிடிக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொன்ன ஃபிர்தவுஸின் கதி நாவலின் மிகக் கொடிய பகுதி. குடும்ப மானம் என்ற சொல்லுக்கு யார் தம் உயிரால் விலை கொடுக்கிறார்கள் என்பதை அந்தப் பகுதி மறக்கவொட்டாமல் செய்கிறது.

வீட்டுக்கு வெளியே உள்ள உழைப்பை எழுதிய பெண்கள் யார்?

முதலில் வருபவர் ராஜம் கிருஷ்ணன் (1925–2014). முசிறியில் பிறந்து, இளவயதிலேயே மணமாகி, மின்பொறியாளரான கணவரின் பணி காரணமாகப் பல ஊர்களில் வாழ்ந்தவர். எழுதப்போகும் மக்களிடையே நேரில் சென்று தங்கி, பேசி, குறிப்பெடுத்து எழுதும் முறையை அவர் கைக்கொண்டார். ‘குறிஞ்சித்தேன்’ நீலகிரிப் படகர்களின் வாழ்வைப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பூக்கும் குறிஞ்சியைக் காலக்கணக்காகக் கொண்டு சொல்கிறது. ‘அலைவாய்க்கரையில்’ மீனவரையும், ‘சேற்றில் மனிதர்கள்’ வயல் தொழிலாளரையும், ‘கூட்டுக்குஞ்சுகள்’ தீப்பெட்டித் தொழிலில் அகப்பட்ட சிறுவர் சிறுமியரையும் எழுதின.

இவற்றுள் ‘கரிப்பு மணிகள்’ (1979) தனித்து நிற்கிறது. தூத்துக்குடி உப்பளங்களில் வேலைக்குப் போகும் பொன்னாச்சி என்ற இளம்பெண்ணின் வழியாக அந்தத் தொழிலையே நாவல் விரித்துக் காட்டுகிறது. வெயிலில் மின்னும் உப்பின் வெள்ளை கண்ணைப் பறிக்கிறது. உப்பு நீரில் நின்று கால்கள் புண்ணாகின்றன. சுற்றிலும் நீர் இருந்தும் குடிக்க நல்ல தண்ணீர் கிடைப்பதில்லை. கங்காணியின் பார்வை பெண்களை விடாமல் பின்தொடர்கிறது. அளத்தில் பெண்ணுக்குத் துன்பம் இரு மடங்கு. அவள் உழைப்பு மலிவாகக் கிடைப்பதும், அவள் உடலும் மலிவாகக் கருதப்படுவதும் ஒரே ஏற்பாட்டின் இரு பக்கங்கள் என்பதை ஆசிரியர் விளங்கவைக்கிறார். அவருடைய நடையில் சில இடங்களில் செய்தி கனத்துப்போவது உண்மைதான். ஆனால் உப்பளத் தொழிலாளர்களைத் தமிழ் நாவலுக்குள் முழு மனிதர்களாகக் கொண்டுவந்த நூலில் அந்தக் கனத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

உப்பை அடுத்த தலைமுறையில் மீண்டும் எழுதியவர் சு. தமிழ்ச்செல்வி. அவருடைய ‘அளம்’ (2002) வேதாரண்யம் பகுதியைச் சேர்ந்தது. கணவன் கப்பலேறிப் போய்விட, சுந்தராம்பாள் மூன்று பெண்மக்களை வைத்துக்கொண்டு பிழைப்பதுதான் கதை. பஞ்ச காலத்தில் எந்தக் கிழங்கை எங்கே தோண்டுவது, எந்தக் கீரையை எப்படி வேகவைத்தால் பசி அடங்கும் என்பன போன்ற விவரங்கள் அதில் நிறைந்துள்ளன. வெளியிலிருந்து ஆய்வுக்கு வந்தவர் எழுதுவதற்கும், அந்த மண்ணிலேயே வளர்ந்தவர் எழுதுவதற்கும் உள்ள வேறுபாட்டை அறிய விரும்புவோர் ‘கரிப்பு மணிக’ளையும் ‘அள’த்தையும் சேர்த்து வாசிக்கலாம். ஆடு மேய்ப்பவர்களைப் பற்றிய ‘கீதாரி’யும் இவருடையதே. திலகவதியின் ‘கல்மரம்’ கட்டடத் தொழிலாளர் வாழ்வை எழுதி 2005ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது.

தலித் பெண்களின் எழுத்து எந்த இடத்தில் மாறுபடுகிறது?

மேற்சொன்ன கேள்விகளின் அடித்தளமே இங்கு மாறிவிடுகிறது. வீட்டுக்குள் அடைத்துவைப்பது சாதிப் படிநிலையில் மேலே உள்ள பெண்களுக்கான கட்டுப்பாடு. தலித் பெண்ணை அப்படி எவரும் அடைத்துவைக்கவில்லை. விடியுமுன்பே அவள் காட்டு வேலைக்குப் போயாக வேண்டும். அவளுக்கு வெளி உலகம் தாராளமாகக் கிடைத்தது, பாதுகாப்பு இல்லாமல். ஆகவே ‘வாசற்படியைத் தாண்டுவதே விடுதலை’ என்று நடுத்தர வர்க்கப் பெண்ணியம் சொன்னபோது, அது பாதி உண்மையாகவே நின்றது.

பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வெளிவந்தது. கன்னியர் மடத்தில் சேர்ந்து, அங்கும் சாதி இருப்பதைக் கண்டு வெளியேறிய ஒருவரின் தன்வரலாறு அது. பேச்சுத் தமிழிலேயே முழுநூலும் எழுதப்பட்டது அன்றைய வாசகர் பலரை முகம் சுளிக்கவைத்தது. சிறுமியாக இருந்தபோது அவர் கண்ட ஒரு காட்சி அதில் வருகிறது: தெருவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல், கட்டிய நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நடக்கிறார். அதைப் பார்த்துச் சிறுமிக்குச் சிரிப்பு பொங்குகிறது. பொட்டலத்தை அவர் கை தொட்டால் மேல்சாதிக்காரருக்குத் தீட்டு என்பதை அண்ணன் சொன்ன பிறகு சிரிப்பு நின்றுபோகிறது. தீண்டாமை பற்றிய பல கட்டுரைகள் சொல்ல முயன்றதை அந்தக் காட்சி ஒரு பக்கத்துக்குள் முடித்துவிடுகிறது.

‘சங்கதி’ (1994) பெண்களின் கூட்டுக் கதை. மாரியம்மா என்ற இளம்பெண் தண்ணீர் குடிக்கப் போன இடத்தில் நிலக்காரர் ஒருவர் அவளைக் கெடுக்க முயல்கிறார். அவள் தப்பி ஓடுகிறாள். உடனே அவரே ஊருக்குள் வந்து, அவள் தெருப் பையன் ஒருவனோடு தவறு செய்ததாகப் பழிபோடுகிறார். கூடுகிற பஞ்சாயத்தில் இருப்போர் அவளுடைய சொந்தத் தெரு ஆண்கள். உண்மை அவர்களுக்கு ஒருவாறு தெரியும். ஆனாலும் நிலக்காரரை எதிர்த்துப் பேசினால் நாளைக்கு வேலை இருக்காது. அபராதம் விதிக்கப்படுகிறது, பையனுக்கு விதித்ததைப் போல இரு மடங்கு அவளுக்கு. சாதியும் கூலியும் ஆண் அதிகாரமும் ஒரே தீர்ப்பில் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் படித்ததில்லை.

சிவகாமி வேறொரு துணிச்சலைக் காட்டினார். ‘பழையன கழிதலும்’ (1989) நாவலில், மேல்சாதியினரால் தாக்கப்பட்ட இளம் விதவை தங்கத்துக்கு நீதி கேட்டு நிற்கும் தலித் தலைவர் காத்தமுத்து, தம் வீட்டில் இரண்டு மனைவியரை அடக்கி ஆள்பவராகவும் இருக்கிறார். அவருடைய மகள் கௌரி இரண்டையும் பார்த்துக்கொண்டே படித்து மேலேறுகிறாள். ஒடுக்கப்பட்ட சமூகத்தின் ஆண் தலைமையை அதே சமூகத்துப் பெண் விமர்சிப்பது எதிரிக்கு இடம் கொடுப்பதாகும் என்ற எதிர்ப்பு அப்போதே எழுந்தது. அடுத்து வந்த ‘ஆனந்தாயி’யில் பெரியண்ணனின் மனைவி ஆனந்தாயியும் அவன் கொண்டுவந்து வைத்த லட்சுமியும் ஒரே வீட்டுக்குள் படும் அடி உதைகளை அவர் ஒப்பனை எதுவும் செய்யாமல் எழுதினார். படிக்கச் சிரமமான நாவல். அந்தச் சிரமம் தேவையானது.

பெண்கள் எழுதியதில் பெண்களே பெண்களுக்குக் கொடுமை செய்பவர்களாக வருவது ஏன்?

ஏற்பாடு நீடிப்பதற்கு உள்ளிருந்தே காவல் தேவைப்படுவதால். அம்பையின் ‘அம்மா ஒரு கொலை செய்தாள்’ கதையில், முதல் மாதவிலக்கைக் கண்டு அஞ்சிய கறுத்த நிறத்துச் சிறுமி, ஊருக்குப் போயிருக்கும் அம்மா வந்து எல்லாவற்றையும் விளக்குவாள், அணைத்துக்கொள்வாள் என்று காத்திருக்கிறாள். உறவுப் பெண் ஒருத்தியின் நிறத்தைக் காட்டி மாப்பிள்ளை வீட்டார் மறுத்துவிட்ட எரிச்சலோடு வீடு திரும்பும் அம்மா, இதற்குள் உனக்கு இது வந்து தொலைய வேண்டுமா என்னும் பொருள்பட ஒரு வார்த்தை சொல்கிறாள். அவ்வளவுதான். அம்மா கெட்டவள் இல்லை. கல்யாணச் சந்தையில் கறுப்புப் பெண்ணுக்கு என்ன விலை என்பதை அன்று காலைதான் அவள் நேரில் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். அந்தச் செய்தியை மகளிடம் கொண்டுசேர்க்கும் ஆளாக அவள் மாறிவிடுகிறாள்.

உடலைப் பற்றி வெளிப்படையாக எழுதுவது அவசியமா?

2002ஆம் ஆண்டு குட்டி ரேவதியின் ‘முலைகள்’ கவிதைத் தொகுப்பு வந்தபோது இந்தக் கேள்வி மிகப் பெரிய சர்ச்சையாக வெடித்தது. மாலதி மைத்ரி, சல்மா, சுகிர்தராணி ஆகியோரும் அதே காலத்தில் வசைகளுக்கும் மிரட்டல்களுக்கும் ஆளானார்கள். பெண் உடலைச் சிற்பத்திலும் சினிமாப் பாட்டிலும் வருணிப்பதை இயல்பாக எடுத்துக்கொண்ட ஒரு பண்பாடு, உடலுக்கு உரியவளே அதன் வலியையும் வேட்கையையும் தளர்ச்சியையும் பேசியபோது ஒழுக்கத்தை நினைவுகூர்ந்தது. சல்மாவின் கவிதைகளில் பிள்ளைப்பேற்றின் தழும்பு விழுந்த வயிறும், படுக்கையறையில் நடக்கும் பேரமும் வருகின்றன. அவை கிளர்ச்சியூட்டுவதற்காக எழுதப்பட்டவை என்று சொல்பவர் அவற்றைப் படித்திருக்க மாட்டார். சுகிர்தராணியிடம் தலித் உடல் என்ற பொருளும் சேர்வதால் சாதி வன்முறையின் நேரடித் தடங்களையும் காண்கிறோம்.

இந்த வகைக் கவிதைகள் எல்லாமே நல்லவை என்று சொல்லத் தேவையில்லை. பின்னால் வந்தவர்கள் சிலரிடம் அது ஒரு வாய்பாடாகவும் ஆனது. ஆனால் அதைக் கவிதை விமர்சனமாகச் சொல்ல வேண்டும். கலாசாரக் காவலாகச் சொல்லக் கூடாது.

ஈழத்துப் பெண்களின் எழுத்தைத் தனியாகப் பார்க்க வேண்டுமா?

வேண்டும். 1986இல் யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்ட ‘சொல்லாத சேதிகள்’ தொகுப்பு தமிழ்ப் பெண் கவிதையில் ஒரு திருப்பம். இயக்கங்கள் பெருகி, தாய்நாடு, தியாகம் என்ற பேச்சு எங்கும் ஒலித்த காலத்தில், சீதனம், வீட்டுச் சிறை, காதல், தனிமை ஆகியவற்றையும் அரசியலாக அந்தக் கவிஞர்கள் முன்வைத்தார்கள். விடுதலை முதலில் வரட்டும், பெண் பிரச்சினையைப் பிறகு பார்க்கலாம் என்ற வழக்கமான பதிலை அவர்கள் ஏற்கவில்லை.

அவர்களோடு சேர்த்து எண்ணப்படும் சிவரமணி, போர்க்கால இரவுகள் குழந்தைகளை எப்படிச் சீக்கிரமே முதிர்ந்தவர்களாக்கிவிடுகின்றன என்று எழுதினார். 1991 மே மாதம் தம் கவிதைகளை எரித்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். நண்பர்களிடமும் இதழ்களிலும் இருந்தவையே எஞ்சின. அதே ஆண்டில் கவிஞரும் நாடகக் கலைஞருமான செல்வி விடுதலைப் புலிகளால் பிடித்துச் செல்லப்பட்டார், அவர் திரும்பவேயில்லை. அரசின் குண்டுகளுக்கும் இயக்கத்தின் கட்டுப்பாட்டுக்கும் இடையில் ஒரு பெண் சுயமாகச் சிந்திப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இவ்விருவர் வாழ்வே சாட்சி. புலிகளின் மகளிர் அரசியல் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த தமிழினியின் ‘ஒரு கூர்வாளின் நிழலில்’, 2015இல் அவர் மறைந்த பிறகு 2016இல் வெளிவந்து கடும் வாதங்களைக் கிளப்பியது. ஆயுதம் ஏந்தியது பெண்ணுக்கு எதைக் கொடுத்தது, எதைக் கொடுக்கவில்லை என்று விவாதிக்க விரும்புவோர் அதைத் தவிர்க்க முடியாது.

எப்போதும் துயரம்தானா? சிரிப்புக்கு இடமே இல்லையா?

நிறையவே உண்டு. பாமாவின் ‘கிசும்புக்காரன்’ கதைகளில் ஏழைத் தெருவின் நையாண்டி ஆண்டைகளின் மரியாதையைத் துணி உரிப்பதுபோல் உரித்துவிடும். ‘சங்கதி’யில் பெண்கள் குளத்திலும் வயலிலும் பாடும் கேலிப் பாட்டும், அடிக்க வரும் கணவனை நடுத்தெருவில் நின்று நாறடிக்கும் வசவும் அவர்களுக்குக் கைவந்த ஆயுதங்கள். படித்த வாசகர் அந்த வசவுகளைத் தாண்டிப் போக நினைப்பார். அங்கே நிதானித்துப் படிப்பது நல்லது.

எழுத நேரமும் இடமும் இல்லாதது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறதே?

அது மிகைக் கூற்றன்று. பருவமடைந்த பிறகு பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட சல்மா, திருமணத்துக்குப் பின் வீட்டாருக்குத் தெரியாமல் இரவில் கழிவறையில் நின்றுகொண்டு எழுதியதையும், தாள்களை ஒளித்துவைத்ததையும் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய தாயார்தாம் கவிதைகளை வெளியே அனுப்ப உதவினார். சல்மா என்பதே மறைந்துகொள்வதற்காகச் சூடிய பெயர். பின்னர் அவர் பேரூராட்சித் தலைவராகப் பொறுப்பேற்றபோதுதான் அந்தப் பெயரும் முகமும் ஒன்றாக வெளியே தெரிந்தன.

அழகிய நாயகி அம்மாள் அதிகம் படிக்காத கிராமத்துப் பெண். முதுமையில் தம் வாழ்வை எழுதிவைத்தார். அவருடைய மகன் நாவலாசிரியர் பொன்னீலன். ‘கவலை’ என்ற பெயரில் அந்தத் தன்வரலாறு 1998இல் பாளையங்கோட்டையிலுள்ள நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தால் வெளியிடப்பட்டபோது, குமரி மாவட்ட நாடார் குடும்பப் பெண்களின் ஒரு நூற்றாண்டு வாழ்வு பேச்சு மொழியிலேயே கிடைத்தது. இப்படி எழுதத் தெரிந்தும் எழுதாமல் போனவர்களின் கதைகள் எத்தனையோ.

அங்கீகாரத்தின் கதையும் இதனோடு சேர்ந்தது. தமிழ்ப் படைப்புக்கான சாகித்திய அகாதெமி விருது 1955 முதல் வழங்கப்படுகிறது. ராஜம் கிருஷ்ணன் 1973இல் பெற்றபோதுதான் முதன்முதலாக ஒரு பெண்ணின் பெயர் பட்டியலில் ஏறியது. பிறகு 1984இல் நாவலாசிரியர் லட்சுமி, 2005இல் திலகவதி, 2021இல் அம்பை. இடையில் ஆர். சூடாமணி போன்ற நுட்பமான சிறுகதையாளர் அந்த விருது பெறாமலேயே 2010இல் மறைந்தார். பாடத்திட்டங்களின் நிலையும் உறுதியானதன்று: 2021இல் தில்லிப் பல்கலைக்கழகம் ஆங்கில இலக்கியப் பாடத்திலிருந்து பாமாவையும் சுகிர்தராணியையும் நீக்கியது.

திருநங்கைகளின் எழுத்தையும் இதனுள் சேர்க்கலாமா?

சேர்க்காவிட்டால் பாலினம் என்ற தலைப்பே குறைபட்டுப்போகும். திருநங்கை எழுத்தாளர் அ. ரேவதி தொகுத்த ‘உணர்வும் உருவமும்’, லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், சரவணன் வித்யா’ ஆகியவை, வேலை, வாடகை வீடு, காவல் நிலையம், மருத்துவமனை என ஒவ்வொரு வாசலிலும் ஆண், பெண் என்ற இரண்டே கட்டங்கள் மட்டும் இருப்பதால் நேரும் அல்லல்களை எழுதியவை. அவற்றைப் படித்தபின், மேலே சொன்ன நாவல்களில் இயல்பானவையாகத் தோன்றிய சில விஷயங்களும் கேள்விக்குரியவை ஆகின்றன.

புதிதாக வாசிக்க வருபவர் எங்கிருந்து தொடங்கலாம்?

கால வரிசையில் தொடங்க வேண்டாம், சலிப்பு வந்துவிடும். முதலில் அம்பையின் ‘அம்மா ஒரு கொலை செய்தாள்’ கதையைப் படிக்கலாம். அரை மணிக்கும் குறைவான நேரம் போதும். அடுத்து ‘சங்கதி’. பேச்சு மொழி முதல் சில பக்கங்களில் தடுக்கினால் வாய்விட்டுப் படிப்பது உதவும். அது காதுக்காக எழுதப்பட்ட நூல். பிறகு ‘புத்தம் வீடு’. நீண்ட நாவலுக்குப் பொறுமை உள்ளவர்கள் சல்மாவை எடுக்கலாம். தொழில் வாழ்வில் ஆர்வமுள்ளவர்கள் ‘கரிப்பு மணிக’ளை எடுக்கலாம். ராஜம் கிருஷ்ணனின் நூல்கள் அவர் வாழ்ந்த காலத்திலேயே நாட்டுடைமையாக்கப்பட்டதால் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஈழத்து நூல்கள் பலவற்றை ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் தேடலாம். மூவலூர் அம்மையாரின் நாவலை மட்டும் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றைப் படித்த பிறகு அதன் கரடுமுரடான நடை உறுத்தாது, அவர் யாரோடு சண்டையிட்டார் என்பதும் தெளிவாகத் தெரியும்.